எஞ்சின் குடிக்கும் எண்ணெய்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் எல்லோரும் பெற்றோலுக்கு ஆகும் செலவைக் கணக்கு வைப்பர். எஞ்சினுக்கு வார்க்கும் எண்ணெயைக் கணக்கு வைப்போர் சிலரே. பெற்றோல் எரிந்து தீரும் பொருள் என்பதை யாவரும் அறிவர். எண்ணெயோ எஞ்சினுக்குள்ளேயே சுற்றி வருவது. குறித்த தூரம் ஓடியபின் வடித்தெடுத்துப் புதிதாக மாற்றப்படுவது. இடையில் அது குறைவதற்கு நியாயம் இல்லையென்றே பலரும் கருதுகின்றனர். ஆயினும் பழைய எஞ்சின் ஒன்று, ஒரு சேவிசுக்கும் அடுத்த சேவிசுக்கும் இடையே ஒரு லீற்றர், இரண்டு லீற்றர் எண்ணெயை ஓசையின்றி விழுங்கிவிடுவதுண்டு. நிலத்திலே ஒரு சொட்டேனும் சிந்தியிராது. புகைக்குழாயில் நீலப் புகையும் தெளிவாகத் தெரியாது. அவ்வாறாயின் அந்த எண்ணெய் எங்கே போயிற்று?

இக்கேள்வி இலங்கையில் அண்மைக் காலத்தில் பெரிதும் கூர்மை பெற்றது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களை மீண்டும் இறக்க 2025ஆம் ஆண்டிலேதான் வழி திறந்தது. இடையில் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வந்து, எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். வானும் முச்சக்கர வண்டியும் ஓட்டிப் பிழைப்போர், இருக்கின்ற எஞ்சினையே இன்னும் சில ஆண்டுகள் உழைக்க வைக்க வேண்டியவராயினர். அத்தகையோருக்கு எஞ்சின் இறுகிப்போவது வண்டியின் முடிவு மட்டுமன்று. வீட்டு வருமானத்தின் முடிவுமாகும்.

இந்நிலையிலே கைவேலையில் ஆர்வமுள்ள பலர் ஓர் எளிய கருவியை நாடுகின்றனர். கராஜ்களில் 'காட்ச் கான்' என வழங்கும் இக்கருவியைத் தமிழிலே எண்ணெய்ப் பிடிகலம் எனலாம். எஞ்சினிலிருந்து காற்றோடு வெளியேறும் எண்ணெயை வழியில் மறித்துப் பிடித்து வைக்கும் சிறு பாத்திரம் அது. கடையில் விலைக்கும் கிடைக்கும். வீட்டிலே செய்துகொள்ளவும் முடியும். அதைப் பொருத்தினால் எண்ணெய்ச் செலவு குறையும் என்று சொல்லப்படுகின்றது. இக்கூற்றில் உண்மை எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்பதை அறிவதற்கு முதலில் எஞ்சினின் வயிற்றுக்குள் நடப்பதைப் பார்த்தல் வேண்டும்.

சிலிண்டருக்குள்ளே பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகின்றது. பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் பொருத்தப்பட்டுள்ளன. பெரும்பாலான எஞ்சின்களில் இவை மூன்று. மேலுள்ள இரண்டும் எரிவாயு கீழே நழுவாமல் தடுப்பவை; மூன்றாவது, சிலிண்டர்ச் சுவரில் படிந்த எண்ணெயை வழித்து மீண்டும் கீழே அனுப்புவது. வளையங்கள் எவ்வளவு திருத்தமாகச் செய்யப்பட்டிருப்பினும் அவற்றின் தடுப்பு முழுமையானதன்று. வளையத்தின் இரு நுனிகளுக்கும் இடையே சிறு வெளி இருந்தே தீரும். இல்லையேல் சூட்டில் வளையம் விரிந்து இறுகிவிடும். ஆகவே எரிபொருள் வெடித்து எரியும் ஒவ்வொரு முறையும் அந்த வாயுவில் ஒரு சிறு பங்கு வளையங்களைக் கடந்து, கிராங்க் தண்டு சுழலும் கீழறைக்குள் புகுகின்றது. புத்தம் புதிய எஞ்சினிலும் இது நிகழும். வளையம் தேயத் தேய அதன் அளவு மிகும்.

அவ்வாறு நழுவி வரும் வாயு வெறும் புகையன்று. எரியாத பெற்றோலாவியும், எரிந்ததனால் உண்டான நீராவியும், அமிலத் தன்மையுள்ள வாயுக்களும் அதில் கலந்துள்ளன. ஒரு லீற்றர் பெற்றோல் முற்றாக எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாக உண்டாகின்றது என்றால் நேயர் பலர் வியப்படைவர். அதன் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். சிறு பகுதி கீழறைக்கு இறங்கும். அங்கே கிராங்க் தண்டு நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழன்று எண்ணெயை அடித்துத் தெளிக்கின்றது. சூட்டினால் எண்ணெயின் மெல்லிய கூறுகள் ஆவியாகவும் செய்கின்றன. இவையெல்லாம் சேர்ந்து கீழறை முழுவதும் எண்ணெய் மூட்டமாகி நிற்கின்றது.

இந்த வாயுவுக்கு வெளியேற வழி இல்லையெனில் கீழறையில் அமுக்கம் ஏறி, தண்டுகளின் முனையிலுள்ள எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் பிதுங்கி ஒழுகத் தொடங்கும். எனவே பழங்காலக் கார்களில் கீழறையிலிருந்து ஒரு குழாயை நிலத்தை நோக்கி விட்டிருந்தனர். வண்டி ஓடும் வேகத்தில் காற்று அக்குழாயின் வாயை உரசிச் செல்ல, உள்ளிருந்த வாயு உறிஞ்சப்பட்டு வீதியிலே கலந்தது. வீதியின் நடுவே எண்ணெய்க் கறை நீண்ட கோடாகப் படிந்திருந்தமைக்கு இக்குழாயும் ஒரு காரணம்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் வாட்டியது. அங்கிருந்த இரசாயன அறிஞர் ஆரி ஹாகன்-ஸ்மிட், எரியாத எரிபொருளாவியும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் வினைப்பட்டே அம்மூட்டம் உண்டாவதை விளக்கினார். காரிலிருந்து வெளியேறும் எரியாத ஆவியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கீழறைக் குழாய் வழியே வருவதும் தெரியவந்தது. அதன் பயனாக 1961ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து கலிபோர்னியாவிலும், 1963 மாதிரிகளிலிருந்து அந்நாடு முழுவதிலும் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. கீழறை வாயுவை வீதியில் விடாமல், எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் குழாய்க்கே திருப்பி அனுப்பி மீண்டும் எரித்துவிடுவதே அந்த ஏற்பாடு. அதன் நடுவிலுள்ள சிறு வால்வையே இன்று மெக்கானிக்குகள் பி.சி.வி. வால்வு என்கின்றனர்.

அந்த வால்வின் வேலை நுட்பமானது. எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது உள்ளிழு குழாயில் உறிஞ்சல் மிக வலிது. அப்பொழுது வால்வு தன் வழியைச் சுருக்கிச் சிறிதளவு வாயுவையே விடும். வண்டி சீரான வேகத்தில் ஓடும்போது உறிஞ்சல் தணியும். வால்வு அகலத் திறந்து கூடுதலான வாயுவை விடும். உள்ளிழு குழாயில் தீ பின்னோக்கி வெடிக்குமாயின் வால்வு மூடி, அத்தீ கீழறைக்குள் புகாமல் தடுக்கும். விலையிலே சிறியதாயினும் காவலிலே பெரியது எனத்தகும் உறுப்பு இது.

இனி, எண்ணெய் போகும் வழி விளங்கும். கீழறை வாயு உள்ளிழு குழாய்க்குச் செல்லும்போது எண்ணெய் மூட்டத்தில் ஒரு பகுதியையும் தன்னோடு கொண்டு செல்கின்றது. அது சிலிண்டரை அடைந்து பெற்றோலோடு எரிந்து மறைகின்றது. சிறுகச் சிறுக எரிவதால் புகை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சிந்தாமலும் சிதறாமலும் எண்ணெய் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். இது மட்டுமே காரணமன்று என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளல் வேண்டும்.

பிடிகலம் இந்த வழியிலே, வால்வுக்கும் உள்ளிழு குழாய்க்கும் இடையில் பொருத்தப்படுவது. அது தொழிற்படும் விதத்தை அடுக்களையிலே காணலாம். சோற்றுப் பானையின் ஆவி குளிர்ந்த மூடியில் பட்டதும் நீர்த்துளியாகின்றது. அதுபோலவே சூடான கீழறை வாயு, குளிர்ந்த கலத்தினுள் புகுந்ததும் நீராவியும் எண்ணெயாவியும் துளிகளாகின்றன. இன்னொரு செயலும் அங்கே நிகழ்கின்றது. வேகமாக வரும் வாயு கலத்தினுள்ளே சட்டெனத் திரும்ப நேரிடுகின்றது. வாயு இலேசானது, எளிதாகத் திரும்பிவிடும். எண்ணெய்த் துளியோ கனமானது. தான் வந்த திசையிலேயே சென்று தடுப்பில் மோதி ஒட்டிக்கொள்கின்றது. ஒட்டிய துளிகள் ஒன்று சேர்ந்து பெரிதாகிக் கலத்தின் அடியில் வடிகின்றன.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகின்றது. உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பேணி நல்ல பிடிகலமாகாது. பெருந்துளிகள் மட்டும் அதில் விழும். புகைபோன்ற நுண்துளிகள் ஒரு வாயால் புகுந்து மறு வாயால் வெளியேறிவிடும். மோதித் திரும்புவதற்குத் தடுப்புத் தகடும், நுண்துளிகள் படிவதற்குச் சிக்கலான கம்பிச் சுருளும் உள்ளே இருத்தல் வேண்டும்.

வீட்டிலே இதனைச் செய்ய விரும்புவோர் முதலில் பாத்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை கொள்ளும், திருகு மூடியுடைய, கனமான அலுமினிய அல்லது துருப்பிடியாத உருக்குப் பாத்திரம் ஏற்றது. பால்மாப் பேணி கைக்கு எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதன் மூடி அழுத்தி வைப்பது. காற்றுப் புகாமல் இறுகாது. தகடும் மெல்லியது, எஞ்சினின் அதிர்வில் நாளடைவில் வெடிக்கும். பிளாஸ்ரிக் போத்தல் எஞ்சின் சூட்டில் இளகும். உறிஞ்சலினால் உள்நோக்கி நசுங்கும். காற்றமுக்கி இயந்திரத்தில் நீரைப் பிரிப்பதற்கு வைக்கும் கண்ணாடி போன்ற கிண்ணத்தைச் சிலர் பயன்படுத்துகின்றனர். அது எண்ணெயையும் பெற்றோலாவியையும் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதன்று. ஆதலால் அதனை நம்பியிருத்தல் கூடாது.

வாயு புகும் குழலும் வெளியேறும் குழலும் மூடியிலோ மேற்பக்கத்திலோ அமைதல் வேண்டும். அவற்றின் உள்விட்டம் வண்டியில் ஏற்கனவே உள்ள இறப்பர்க் குழாயின் உள்விட்டத்திற்குக் குறையலாகாது. குறைந்தால் கீழறையின் மூச்சு அடைபடும். புகும் குழலைப் பாத்திரத்தின் நடுவரை கீழே இறக்க வேண்டும். வெளியேறும் குழல் மேலேயே நிற்கவேண்டும். புகுவாய் முடியும் மட்டத்திற்குச் சற்று மேலே துளையிட்ட தகடொன்றை வைத்து, அதன்மேல் துருப்பிடியாத கம்பிச் சுருளை இலேசாக நிரப்பி, அச்சுருள் மேலெழாதபடி இன்னொரு துளைத் தகட்டால் மூடுதல் நன்று. பாத்திரம் துலக்கும் சுருளில் சுருள்வில் போன்ற நீண்ட பட்டையாக உள்ளதையே கொள்ள வேண்டும். நூல்போன்ற மெல்லிய இரும்புச் சுருள் துருப்பிடித்து நொறுங்கும். அதன் துணுக்கு ஒன்று சிலிண்டருக்குள் போனால், மிச்சம் பிடிக்க வந்த எண்ணெயின் விலையைப் போலப் பலமடங்கு நட்டம் விளையும். பஞ்சும் கடற்பஞ்சும் எண்ணெயை உறிஞ்சி ஊதி வழியை அடைத்துவிடும்.

அடியிலே வடிப்பதற்கு ஒரு திருகாணியோ சிறு குழாய்த் திறப்போ வேண்டும். துளையிடும்போது உண்டான உலோகத் தூள் முழுவதையும் கழுவி, உலர்த்தி, வெண்துணியால் துடைத்துப் பார்த்த பின்னரே பாத்திரத்தை மூடுதல் தகும். இணைப்புக்குத் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் குழாய் ஆகாது. எண்ணெயையும் சூட்டையும் தாங்கும் இறப்பர்க் குழாய் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். அதனையே வாங்கி, ஒவ்வொரு முனையையும் கிளிப்பால் இறுக்கவேண்டும்.

கலத்தை வைக்கும் இடமும் கவனத்திற்குரியது. புகைக்குழாயின் அருகே வைத்தால் கலம் குளிராது. எண்ணெய் ஒழுகினால் தீப்பற்றும் அபாயமும் உண்டு. காற்றுப் படும் குளிர்ந்த இடத்தில், வண்டியின் உடலோடு உறுதியாகப் பிணைக்க வேண்டும். குழாய் எங்கும் தொய்ந்து கிடக்கலாகாது. தொய்வில் நீர் தேங்கி வழியை அடைக்கும். பி.சி.வி. வால்வை அதன் இடத்திலிருந்து நீக்கலாகாது. கீழறைக்குப் புதிய காற்றைக் கொண்டுவரும் மற்றைய குழாயையும் மூடலாகாது.

பொருத்திய பின் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் கவனித்தல் வேண்டும். முன்னிருந்த ஓட்டம் மாறிக் குலுங்குமானால் எங்கோ காற்றுப் புகுகின்றது என்பது பொருள். அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்தால் எரிபொருட் கலவை மெலிந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். காபரேற்றர் உள்ள பழைய பெற்றோல் எஞ்சின்களில் இன்னோர் எளிய சோதனையும் உண்டு. மெதுவோட்டத்தில் எண்ணெய் வார்க்கும் மூடியைக் கழற்றி, அவ்வாயின்மேல் மெல்லிய கடதாசி ஒன்றை வைத்தால், அது இலேசாக உள்நோக்கி இழுபட்டு நிற்கவேண்டும். மாறாகக் கடதாசி மேலெழுந்து பறந்தால் வழி அடைபட்டிருக்கின்றது, அல்லது வளையங்கள் மிகத் தேய்ந்துள்ளன. உணர்கருவிகள் நிறைந்த புதிய எஞ்சின்கள் மூடியைத் திறந்த மாத்திரத்திலேயே தடுமாறக்கூடும். அவற்றில் இச்சோதனை முடிவு தராது.

சிலர் கலத்தின் வெளிவாயை உள்ளிழு குழாயோடு இணைக்காமல் வெறுமனே திறந்துவிடுகின்றனர். எஞ்சின் தூய காற்றைக் குடிக்கும் என்பது அவர்கள் எண்ணம். அது 1950களின் வீதிப்புகைக்கே திரும்பிச் செல்வதாகும். கீழறையை இழுத்து மூச்சுவிட வைத்த உறிஞ்சலும் அற்றுப்போகும். வண்டிக்குள் இருப்போர் அந்த நச்சாவியைச் சுவாசிக்கவும் நேரும். வாகனப் புகைப் பரிசோதனை நடைமுறையிலுள்ள நாட்டில் அச்செயலைத் திருத்தம் என்று சொல்லவும் இயலாது.

இப்பொழுது முக்கியமான வினாவுக்கு வரலாம். கலத்திலே எண்ணெய் நிறைகின்றது. ஆயின் எஞ்சினில் எண்ணெய் குறைவது நின்றுவிடுமா? நிற்காது. எரிந்து போக இருந்த எண்ணெய் இப்பொழுது கலத்தில் கிடக்கின்றது, அவ்வளவே. எஞ்சினின் கணக்கில் அது போன எண்ணெய்தான். அதை மீண்டும் எஞ்சினில் வார்த்தால் என்ன என்று கேட்போர் உளர். கலத்தில் வடிவது நல்ல எண்ணெயன்று. நீரும், பெற்றோலும், அமிலக் கூறுகளும் அதில் கலந்திருக்கும். குறுந்தூர ஓட்டத்திலும் மழைக்காலத்திலும் அது பால்போல் வெளுத்துக் குழம்பியிருக்கும். அதனைத் திருப்பி வார்ப்பது கழுநீரைக் குடத்தில் ஊற்றுவது போன்றது. பெரிய டீசல் எஞ்சின்கள் சிலவற்றில் உற்பத்தியாளரே பிரிகருவி ஒன்றை அமைத்து, பிடிபட்ட எண்ணெயைக் கீழ்த்தொட்டிக்குத் திருப்பியனுப்புகின்றனர் என்பது உண்மை. அவை எஞ்சினின் சூட்டுக்கும் வாயுவின் அளவுக்கும் ஏற்ப வகுக்கப்பட்டு, ஒருவழி வால்வும் உடையன. வீட்டுக் கலத்திற்கு அந்தத் தகுதி இல்லை.

அவ்வாறாயின் பிடிகலத்தால் பயனே இல்லையா எனில், உண்டு. இரு வகைப் பயன்கள் உள்ளன. முதலாவது, உள்ளிழு வழியைத் துப்புரவாக வைத்திருத்தல். பெற்றோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சும் புதிய எஞ்சின்களில் உள்ளிழு வால்வுகளின் பின்புறத்தை பெற்றோல் கழுவுவதில்லை. அங்கே எண்ணெய் கரிந்து தடிப்பாகப் படியும். அத்தகைய எஞ்சின்களுக்குப் பிடிகலம் ஓரளவு காவலாகும். இரண்டாவது பயனே பழைய எஞ்சின் வைத்திருப்போருக்குப் பெரிது. பிடிகலம் ஒரு சாட்சி. எண்ணெய் எந்த வழியால் எவ்வளவு போகின்றது என்பதை அது அளந்து காட்டுகின்றது.

அச்சாட்சியத்தைப் பெறுவதற்கு ஒழுங்கான கணக்கு வேண்டும். காலையிலே, எஞ்சினைக் கிளப்புவதற்கு முன், சமதரையில் வண்டியை நிறுத்தி, அளவுகோலின் மேற்குறிவரை எண்ணெய் வார்க்க வேண்டும். மேற்குறியைத் தாண்டலாகாது. தாண்டினால் கிராங்க் தண்டு எண்ணெயை மிகுதியாக அடித்து நுரைக்க வைத்து, மூட்டத்தைப் பெருக்கும். 'கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்' என்று வார்த்ததே குறைவுக்குக் காரணமாகிவிடும். பின் 1000 கிலோமீற்றர் ஓடியதும், அதே இடத்தில், அதே நேரத்தில், மீண்டும் மேற்குறியை எட்ட எத்தனை மில்லிலீற்றர் வேண்டியிருக்கின்றது என்பதை அளவுக் குவளையால் அளந்து எழுதிவைக்க வேண்டும். கலத்தில் வடிந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றிச் சில நாட்கள் அசையாது வைத்தால், பெரும்பாலான நீர் அடியில் பிரியும். மேலே நிற்பதை அளந்துகொள்ளலாம். அடுப்பில் வைத்துச் சூடாக்குதல் ஒருபோதும் கூடாது. அதில் பெற்றோல் இருக்கின்றது.

ஓர் உதாரணம் கொள்வோம். 1000 கிலோமீற்றரில் 400 மில்லிலீற்றர் எண்ணெய் குறைந்தது. கலத்தில் 60 மில்லிலீற்றர் வடிந்தது. அதில் 20 நீர். ஆகவே இவ்வழியால் போனது 40 மில்லிலீற்றர், அதாவது பத்தில் ஒரு பங்கு மட்டுமே. மீதி ஒன்பது பங்கும் வேறு வழியால் போயிற்று. இந்த வண்டிக்காரர் கலத்தை எவ்வளவு திருத்தினாலும் செலவு குறையப்போவதில்லை. இன்னொருவர் வண்டியில் 400 குறைந்து, கலத்தில் 250 எண்ணெய் கிடைக்குமாயின், அங்கே கீழறை மூச்சு வழியிலேதான் கோளாறு. முன்னவர் செய்யவேண்டியது ஒன்று. பின்னவர் செய்யவேண்டியது வேறொன்று. சில உற்பத்தியாளரின் கைநூல்கள் 1000 கிலோமீற்றருக்கு அரை லீற்றர் வரை குறைதலை ஏற்கத்தக்கதெனக் கொள்கின்றன என்பதையும் மனத்திற்கொண்டு, வீணாக அஞ்சாதிருத்தல் வேண்டும். எண்ணிக்கையைவிட அது மாதத்திற்கு மாதம் ஏறுகின்றதா என்பதே கவனிக்கத்தக்கது.

கலத்தில் மிகுதியாக எண்ணெய் வந்தால் முதலில் பி.சி.வி. வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நல்ல வால்வு அசைக்கும்போது 'கடகட' என ஒலிக்கும். திறந்தபடியே இறுகியிருந்தால் மெதுவோட்டத்திலும் எண்ணெயை வாரி இழுக்கும். விலை குறைந்த அந்த உறுப்பை மாற்றுவதே மருந்து. அடுத்து எண்ணெயின் தரம். உற்பத்தியாளர் குறித்த தடிப்பு எண்ணைக் கொண்ட எண்ணெயையே வார்த்தல் வேண்டும். எண்ணெய் எளிதில் ஆவியாகும் இயல்பை அளவிட நோவாக் பரிசோதனை என ஒன்று உண்டு. 250 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் வைத்து, எத்தனை வீதம் எடை குறைந்தது எனப் பார்ப்பர். அதிகம் ஆவியாகும் எண்ணெய் அதிகம் குறையும். பெயர் தெரியாத மலிவெண்ணெய் இவ்விடத்திலேதான் தன் விலையை மீட்டுக்கொள்கின்றது.

கலத்தில் சிறிதே இருக்க, எண்ணெய் பெரிதும் குறையுமானால் வேறு குறிகளைப் பார்க்க வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியதும் சிறிது நேரம் நீலப் புகை வந்து நின்றால், வால்வுத் தண்டுகளின் எண்ணெய்த் தடுப்புக்கள் தளர்ந்துள்ளன. ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது இடைவிடாது நீலப் புகை வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன, அல்லது கரியினால் தத்தம் வெட்டுக்களில் ஒட்டிக்கொண்டன. இரண்டையும் பிரித்தறிய மெக்கானிக் ஒருவர் சிலிண்டரின் அமுக்கத்தை அளந்து, பின் ஒரு கரண்டி எண்ணெயை உள்ளே விட்டு மீண்டும் அளப்பார். அமுக்கம் உயர்ந்தால் குற்றம் வளையத்தில். உயராவிடில் குற்றம் பெரும்பாலும் வால்வில். நெடுந்தூரம் ஓடிய பின்னும் கலத்தில் பால்போன்ற குழம்பே மிகுந்து, றேடியேற்றர் நீரும் குறைந்து வருமாயின், எஞ்சின் தலையின் காஸ்கற் வெடித்திருக்கலாம். அவ்வண்டியை மேலும் ஓட்டாது நிறுத்துதலே அறிவு.

மட்டம் குறையாதிருப்பது எப்பொழுதும் நற்குறியன்று என்பதையும் சொல்லவேண்டும். 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தில் பழைய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய அந்தக் கைத்திறன் பலர் நினைவில் உள்ளது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சிய பகுதி சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி எண்ணெயோடு கலக்கும். அப்பொழுது எண்ணெய் எரிந்து போயினும் அளவுகோல் குறைவு காட்டாது, ஏறியும் காட்டக்கூடும். மட்டம் நிறைந்திருக்க, உள்ளே இருப்பதோ வழவழப்பிழந்த மெல்லிய நீர்மம். இன்றும் எரிபொருட் பீச்சி ஒழுகும் எஞ்சினில் இதே மயக்கம் நேர்வதுண்டு. ஆகவே அளவோடு மணத்தையும் பிசுபிசுப்பையும் சேர்த்தே எண்ணெயைச் சோதித்தல் வேண்டும்.

இறுதியாக, கலத்திலிருந்து வடித்ததை எங்கே கொட்டுவது? வேலியோரத்திலும் வாய்க்காலிலும் கொட்டுவோர் தம் கிணற்றிலேயே கொட்டுகின்றனர். குடாநாட்டின் அடித்தளம் துளையும் வெடிப்பும் நிறைந்த சுண்ணாம்புக் கல். மேலே சிந்தியது கீழுள்ள நன்னீரை எளிதில் அடையும். சுன்னாகத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2010களில் எவ்வளவு பெரிய துயராயிற்று என்பதை மக்கள் மறந்திரார். வடித்த எண்ணெயை மூடியுள்ள கொள்கலத்தில் சேர்த்து, பழைய எண்ணெயை எடுத்துக்கொள்ளும் சேவிஸ் நிலையத்தில் ஒப்படைத்தலே தகுந்தது.

நோயைத் தீர்க்கும் மருந்தும் உண்டு. நோய் எங்கே என்று காட்டும் வெப்பமானியும் உண்டு. வெப்பமானியை நாவின்கீழ் வைத்ததனால் காய்ச்சல் தணிந்துவிடாது. ஆயினும் அதைப் பார்க்காமல் மருந்து கொடுப்பவரைவிட, பார்த்துக் கொடுப்பவரே நோயாளியைப் பிழைக்க வைப்பார். எண்ணெய்ப் பிடிகலமும் அவ்வகையினதே. அதனைச் செய்து பூட்டியவுடன் எண்ணெய்ச் செலவு குறைந்துவிட்டது என்று மகிழ்ந்து, அளவுகோலைப் பார்க்காது ஓடுவோர் ஒருநாள் வீதியோரத்தில் இறுகிய எஞ்சினோடு நிற்க நேரும். அதனை அளவுக்கருவியாகக் கொண்டு, வடிந்ததையும் வார்த்ததையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதிவருவோர், பெருஞ்செலவு வருமுன் சிறுசெலவோடு கோளாற்றைத் தீர்த்துக்கொள்வர்.